கேட்காதவன்தான் பரிசேயன்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடமாகிறது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்குக் கூட்டிவருகிறேன். எங்கள் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "அதைத் தாரும், இதைத் தாரும் என்று கேட்பதே மனுஷப் பெருமை. எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டு அமைதியாக இரு, அதுதான் தாழ்மை" என்கிறார். நானும் முயன்று பார்க்கிறேன். முழங்கால் போட்டதும் "அவரைக் காப்பாற்றும்" என்றுதான் வாயில் வருகிறது. உடனே தப்புச் செய்துவிட்டதுபோல எழுந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் ஜெபிக்கவே பயமாக இருக்கிறது. ஒப்புக்கொடுப்பது என்றால் கேட்காமல் இருப்பதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

நான் போதகரும் இல்லை, குருவானவரும் இல்லை. புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோயில் பங்கில் வளர்ந்த சாதாரணக் கத்தோலிக்கன். நீங்கள் ஜெபம் என்பதை நாங்கள் செபம் என்போம். நீங்கள் சித்தம் என்பதைத் திருவுளம் என்போம். உங்கள் கேள்வியைப் பொறுத்தவரை நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் பைபிளிலேயே மாற்கு 14:36-ஐ எடுங்கள். கெத்செமனே, இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த தோட்டம். பாத்திரம் என்று அவர் சொல்வது வரப்போகிற பாடுகளை. "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." இதில் கடைசிப் பாதியை மட்டும் எழுதி நாம் சுவரில் மாட்டிவைக்கிறோம். நடுவில் இருப்பது என்ன? "எடுத்துப்போடும்." சுற்றிவளைக்காத வேண்டுதல். அதற்குப் பிறகுதான் "ஆகிலும்" வருகிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஏதாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். உங்கள் ஜெபக்குழுச் சகோதரி அந்த முன்பாதியை அடித்துவிட்டு "ஆகிலும்" என்று தொடங்கச் சொல்கிறார். ஆசையே இல்லாதவள்போல நின்றால் எதை ஒப்புக்கொடுப்பீர்கள்?

மத்தேயு இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். இயேசு மூன்று தரம் போய் ஜெபிக்கிறார். முதல் தரம் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்கிறார். இரண்டாம் தரம் பேச்சு மாறுகிறது: நான் குடித்தாலொழிய இது நீங்காது என்றால், உம்முடைய சித்தப்படி ஆகட்டும். இரண்டுக்கும் நடுவில் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த சீடர்களை எழுப்பி, அவர்களிடம் வருத்தப்பட்டுவிட்டு வருகிறார். அவருக்கே ஒரே மூச்சில் முடியாத காரியத்தை நீங்கள் முழங்கால் போட்ட முதல் நிமிடத்தில் முடிக்க வேண்டுமா? பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்று பதில் வந்தது. ஏன் கேட்டாய் என்ற அதட்டல் அந்தப் பதிலில் இல்லை.

('அப்பா' அரமேயச் சொல். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிதா என்பதற்கான கிரேக்கச் சொல்லையும் போட்டார். தமிழுக்கு வந்ததும் அது நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல்.)

உங்கள் ஜெபக்குழுச் சகோதரி தாழ்மை பற்றிச் சொன்னார் அல்லவா, அதற்கு லூக்கா 18. பரிசேயன் என்றால் மதச்சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதக் குழுவைச் சேர்ந்தவன். அவனுடைய ஜெபத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மற்ற மனுஷரைப்போல் இல்லாததற்காக நன்றி சொல்கிறான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் என்கிறான், வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகம் என்கிறான். அந்த ஜெபம் முழுவதிலும் ஒரு வேண்டுதல்கூட இல்லை! கேட்கவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன்தான் "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று கேட்கிறான்.

உங்களிடம் குறை சொன்னவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அவர் சொன்ன மாதிரி இருந்து பார்த்தவன். பல வருடங்களுக்கு முன்னால் என் அப்பா பக்கவாதம் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். முதல் நாளே நான் "உம் திருவுளப்படி ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் என் விசுவாசத்தை மெச்சினார்கள். உள்ளுக்குள் நடந்தது வேறு. கேட்டு, கிடைக்காமல் போய்விட்டால் தாங்க முடியாதே என்ற பயம். ஏமாற்றத்துக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த இன்சூரன்ஸ் அது.

அம்மா அப்படி இல்லை. பஸ் ஏறி வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனார். குளத்துப் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் சண்டை போட்டார். "உனக்குக் கண்ணு இல்லையா? நாப்பது வருஷமா வர்றேன், எனக்கு இதுதானா?" எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாம் பேசித் தீர்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, பார்த்துச் செய்யும்மா" என்று எழுந்தார். தாலுகா ஆபீஸிலும் தாய்மாமனிடமும் சொல்கிற அதே "பார்த்துச் செய்". மாற்கு எழுதிய "ஆகிலும்" எனக்குப் புரிந்தது அந்தப் படிக்கட்டில்தான். அன்றைக்கு இல்லை, வெகுநாள் கழித்து.

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். அம்மா ஒரு மாதம் வீட்டு மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. அப்புறம் தானாகவே ஏற்றினார். முதல் நாளே எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்திருந்த நான் இரண்டு வருடம் பூசைக்கே போகவில்லை.

உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பர். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்பதை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூரில் பாடியது. அதற்கு முந்தைய வரியைச் சொல்வதில்லை: "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." தாங்குவது உன் கடமை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பணி செய்யக் கிடக்கிறார். சைவருடைய பாட்டை இங்கே ஏன் இழுக்கிறாய் என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒப்புக்கொடுத்தாயிற்றே, இனி டயாலிசிஸ் எதற்கு என்று யாராவது பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

"அவரைக் காப்பாற்றும்" என்று வாயில் வந்தால் வரட்டும், எழுந்துவிடாதீர்கள். அடுத்த வார்த்தை வர நேரமாகலாம். சில நாள் வராமலும் போகலாம். உங்கள் கணவரின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நானும் அவருக்காகக் கேட்கிறேன்.