கொழும்பில் இருந்துகொண்டு சுயாதீனமாகத் தமிழ்ப்படம் எடுக்க விரும்புகிறேன். யாருடைய பயணத்தைப் பார்க்கலாம்?

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸிடமிருந்து தொடங்குங்கள். பத்திரிகையாளராக இருந்து, அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படங்கள் எடுத்தவர். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொடவத்த இருவரோடும் அந்த வேலையை உதறிவிட்டு 1956இல் ‘ரேகாவ’ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். அதுவரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், அங்கத்தைய பாணியிலேயே உருவாகின. இவரோ கமராவை நேரே கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். 1957இல் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. உள்ளூரில் வசூல் கையைக் கடித்தது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் தர்மசேன பத்திராஜ. சிங்களவரான அவர் 1977இல் யாழ்ப்பாணத்துக் கதையைத் தமிழிலேயே ‘பொன்மணி’யாக எடுத்தார். சாதியையும் சீதனத்தையும் பூசி மெழுகாத படம். என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.