வாசகர் கேள்வி–பதில்: ஏரிக்கரை அந்தியும் கறுப்புத் துணிக் கேமராவும்

கேள்வி: பழைய 4×5 அங்குல மரக் கேமரா ஒன்றும் 150 மி.மீ. லென்ஸும் வாங்கியிருக்கிறேன். வீராணம் ஏரியில் அஸ்தமனத்தைப் படமெடுக்க மூன்று மாலைகள் சென்றேன். கரையோரக் கற்களைத் தெளிவாக்கினால் எதிர்க்கரை மங்குகிறது. எதிர்க்கரை தெளிந்தால் கற்கள் மங்குகின்றன. எஃப் 45 வரை துவாரத்தைச் சுருக்கியும் பயனில்லை. இதையெல்லாம் சரிசெய்வதற்குள் சூரியனும் மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?
— சிதம்பரம் வாசகர்

பதில்: துவாரத்தைச் சுருக்குவதை விட்டுவிட்டு லென்ஸைச் சாய்க்கப் பழகுங்கள். எஃப் 45இல் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். பெரிய ஷீட்டில், அதாவது தனித்தனி ஃபிலிம் தாளில், எடுப்பதன் பயனில் பாதி அங்கேயே போய்விடும். உங்கள் கேமராவில் லென்ஸ் பொருத்திய முன்பலகை முன்னோக்கிச் சாயும். அப்படிச் சாயும்போது ஃபிலிமின் தளம், லென்ஸின் தளம், தெளிவு விழும் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பதுதான், வான்படங்களைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904இல் பெற்ற பிரிட்டிஷ் காப்புரிமையில் விளக்கிய விதி. நமக்கு அதன் பொருள் எளிது: சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் தெளிவுத் தளத்தை நீர்ப்பரப்பின் மேல் பாய்போல் விரித்துப் போட்டுவிடலாம்.

எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சாய்வின் அளவைத் தீர்மானிப்பது எதிர்க்கரையின் தொலைவு அன்று; நீருக்கு மேல் லென்ஸ் இருக்கும் உயரமும் லென்ஸின் குவியத் தூரமும்தான். நீரோரம் இறங்கி ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவை நிறுத்தினால் 150 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 6 பாகை போதும். கரையின் மேலேயே நின்று, நீர்மட்டம் மூன்று மீட்டர் கீழே இருந்தால் 3 பாகைதான். கண்ணுக்குத் தெரியும்படி சாய்த்துவிட்டீர்கள் என்றாலே பெரும்பாலும் அது அதிகம். சாய்த்தபின் எஃப் 22 அல்லது எஃப் 32 போதுமானது. ஒரு எச்சரிக்கை: படச் சட்டத்துக்குள் பக்கத்திலேயே ஒரு பனைமரம் நின்றால் அதன் தலை இந்தப் பாய்க்கு வெளியே போய் மங்கிவிடும். அத்தகைய காட்சிக்குச் சாய்வைக் குறைத்து, துவாரத்தைச் சற்றுச் சுருக்கிச் சமாளிப்பதே வழி.

நேரத்தைப் பற்றி: வீராணத்தின் நீண்ட கரை கிழக்குப் பக்கம் இருப்பதால் மாலைச் சூரியன் நீருக்கு அப்பால் இறங்குவது உங்கள் வாய்ப்பு. ஆனால் நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது. மறைந்தபின் வேலைக்கு உதவும் வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் நிற்கும். வட ஐரோப்பியக் கோடையின் நீண்ட அந்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடுகளை நம்பி வந்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஆகவே சூரியன் இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே சட்டம், சாய்வு, குவியம் மூன்றையும் முடித்துத் திருகுகளை இறுக்கிவிடுங்கள். கேமராவின் பின்புறமுள்ள தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். இருட்டியபின் அந்தத் தலைகீழ் பிம்பமும் தெரியாது. சூரியன் சட்டத்துக்குள் இருக்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் பிம்பத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டாம், கண்ணுக்குக் கேடு. கரைச்சாலையில் பேருந்து போகும்போது முக்காலி அதிரும். அது கடந்தபின் ஷட்டரை அழுத்துங்கள். கேமராவின் மடிப்புத் துருத்தியில் காற்று மோதினால், தலைக்குப் போர்த்திய அதே கறுப்புத் துணியை மறைப்பாகப் பிடிக்கலாம்.

கேள்வி: கண்ணுக்குப் பெரிய செம்பழமாகத் தெரியும் சூரியன், படத்தில் பொட்டளவுகூட இல்லை. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: லென்ஸின் குவியத் தூரத்தைச் சுமார் 110ஆல் வகுத்தால் ஃபிலிமில் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். 150 மி.மீ. லென்ஸில் அது 1.4 மி.மீ.; ஐந்து அங்குல அகலத்தில் கடுகுதான். 300 மி.மீ. வாங்கினாலும் அதன் இரு மடங்கே. பணத்தை ஷீட்டுகளுக்கு வையுங்கள். என் விருப்பத்தைச் சொல்வதானால், இந்தக் கேமராவுக்கு உரிய காட்சி சூரியன் அன்று. அது மறைந்த ஐந்தாம் நிமிடத்திலிருந்து பதினைந்தாம் நிமிடம்வரை மேகத்திலும் நீரிலும் தங்கும் ஒளி. அப்போது வானத்துக்கும் கரைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு ஃபிலிம் தாங்கும் அளவுக்கு இறங்கிவரும். வானைச் சற்று அடக்க, பாதி கறுத்த சாம்பல் ஃபில்டரில் இரண்டு ஸ்டாப் அளவுள்ளது பெரும்பாலும் போதும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்கும் ஒரு படி). நீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிட எப்போதும் மங்கலாகவே இருக்க வேண்டும். மூன்று ஸ்டாப் ஃபில்டரைப் போட்டு நீரை வானைவிடப் பளிச்சென்று ஆக்கிய படங்கள் பார்த்தவுடன் பொய்யாகத் தோன்றும்.

கேள்வி: இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமில், அஸ்தமனத்துக்குப் பின் ஒளி மீட்டர் காட்டிய நேரத்தையே கொடுத்தும் நெகட்டிவ் மெலிந்து வெளிறி வருகிறது.
— திண்டுக்கல் வாசகர்

பதில்: மீட்டரில் பிழையில்லை. மங்கிய வெளிச்சத்தில் நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் சோர்ந்துபோகும். இல்ஃபோர்ட் நிறுவனமே இதற்குக் கணக்குத் தந்திருக்கிறது: மீட்டர் ஒரு விநாடிக்கு மேல் காட்டினால், அந்த விநாடிகளை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 விநாடி 18 ஆகும். 30 விநாடி 73 ஆகும். அதே நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அடுக்கு 1.31. இந்த இரண்டு மூன்று எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேமராப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கணக்குப் போட வேண்டியிருக்காது. ஷட்டர் திறந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெளிச்சம் இன்னும் இறங்கும் என்பதால் நான் அரை ஸ்டாப் கூட்டியே கொடுப்பேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அந்த மிகுதியைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது.

மீட்டரை எங்கே காட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வானத்தில் காட்டியிருந்தால் அதுவும் ஒரு காரணம். கரை நிழலில் விவரம் தெரிய வேண்டிய இருண்ட இடத்தை, சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளந்து, அதைவிட இரண்டு ஸ்டாப் குறைவாகக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு மாலைக்கு எத்தனை ஷீட் எடுத்துச் செல்ல வேண்டும்?
— கும்பகோணம் வாசகர்

பதில்: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட் பிடிக்கும் ஹோல்டர்கள் மூன்று, அதாவது ஆறு ஷீட்டுகள். ஆனால் ஒன்றே கிடைக்கும் என்று எண்ணி வேலை செய்யுங்கள். 1941ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாலை, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் நிலவு எழக் கண்ட அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 8×10 கேமராவை அவசரமாக நிறுத்தினார். மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்ததால் அதைக்கொண்டே கணக்கிட்டு எஃப் 32இல் ஒரு விநாடி கொடுத்தார். இரண்டாவது ஷீட்டுக்காக ஹோல்டரைத் திருப்புவதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது.

ஆகவே முதல் ஷீட்டை எடுத்து முடித்ததும் ஷீட்டை மூடும் தகடான டார்க் ஸ்லைடைக் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும்படி செருகுங்கள். வெள்ளைப் பக்கம் தெரிந்தால் அந்த ஷீட் இன்னும் வெளிச்சம் படாதது என்பது வழக்கம். அரையிருட்டில் இதை மறந்து ஒரே ஷீட்டில் வீராணத்தின் வானத்தை இரண்டு முறை ஏற்றி, இரண்டு அடிவானங்களுடன் வீடு திரும்பியவன் நான்.