அம்மாவின் தூக்க மாத்திரையைக் குப்பையில் போடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு தூக்கம் வராமல் தவித்த அம்மாவுக்கு (வயது 58) பக்கத்துக் கிளினிக்கில் அல்ப்ரஸோலாம் அரை மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்களாம். ஆறு வருடமாக இரவில் ஒன்று, போன வருடத்திலிருந்து பகலிலும் பாதி. அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போனதும் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் அம்மாவுக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பயந்து அழுதிருக்கிறார். வேறு கிளினிக்கில் வாங்கியதில் இன்னும் 11 மாத்திரை மிச்சம். எல்லாவற்றையும் குப்பையில் போடு என்கிறார் அண்ணன். வாட்ஸ்அப்பில் ஒருவர் வீட்டுக்கே வந்து சலைன் ஏற்றி ஏழு நாளில் மாத்திரையிலிருந்து விடுவித்துத் தருகிறேன், 3,000 ரிங்கிட் என்கிறார். அம்மா போதைக்கு அடிமையாகிவிட்டாரா, நான் என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. போடாதீர்கள். இந்த மாத்திரையை நாளாகச் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவை, சிகரெட்டைத் தூக்கியெறிவது மாதிரி இல்லை இது.

அம்மாவுக்கு வந்தது பழைய பதற்றம் மட்டும் இல்லை, பெரும்பாலும் மாத்திரை நின்றதால் வந்தது. பதற்றத்தை அடக்க மூளையில் காபா என்று ஒரு பொருள் உண்டு, இந்த மாத்திரை அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. ஆறு வருடம் கூலிக்கு ஆள் வந்து வீட்டு வேலையைச் செய்துகொடுத்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார், கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். கூலிக்காரன் ஒருநாள் வராவிட்டால் வீடு நாறுகிறது, அவ்வளவுதான் கதை. அல்ப்ரஸோலாம் அரை நாளுக்குள் உடம்பில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து என்பதால் இரண்டாம் நாளே நடுக்கம் வந்துவிட்டது. இதற்கு மருந்துக்கு உடம்பு பழகிப்போவது என்று பெயர். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டவருக்கும் இது வரும், அதற்காக அவரை 'டடா' (போதைப்பொருள்) ஆள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பகலில் அந்தப் பாதி எப்படி வந்தது, டாக்டர் சொன்னாரா, அம்மாவே எடுத்துக்கொண்டாரா? அங்கேதான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அட்டையில் நாலு மாத்திரைதான் இருக்கிறது என்றதும் கலவரமாவது, கைப்பையில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று என்று ஒளித்து வைப்பது, ஒரு கிளினிக் தெரியாமல் இன்னொரு கிளினிக்கில் வாங்குவது, அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மறப்பது, நடக்கும்போது தள்ளாடி விழுவது, பழைய அளவு போதவில்லை என்பது. இதெல்லாம் நடந்தால் பழக்கம் ஒரு படி மேலே போய்விட்டது. சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள். அப்புறம், தைப்பூசத்துக்கோ கல்யாணத்துக்கோ போன இடத்தில் அம்மா ஒரு கிளாஸ் பியரோ சம்சுவோ தொடுகிறாரா என்பதையும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

அடுத்து அந்த 3,000 ரிங்கிட் ஆள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சலைன் ஏற்றி இந்த மருந்தைக் 'கழுவ' முடியாது. பாட்டிலில் உப்புத்தண்ணீர், குளுக்கோஸ், கொஞ்சம் வைட்டமின் இருக்கும். நோயாளி அமைதியாகத் தூங்கினால் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றை ஊசியில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்படுவேன். ஏழாம் நாள் பில் கட்டியதும் அதுவும் நிற்கும், எட்டாம் நாள் அவசரப்பிரிவு. கோலாலம்பூரில் ஒரு மனிதர் இப்படித்தான் என்னிடம் வந்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் தையலோடு. அவர் கையில் பெயரே எழுதாத பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரைகள், என்ன மாத்திரை என்று அவருக்கும் தெரியாது, கொடுத்தவனும் போனை எடுக்கவில்லை.

பெயரில்லாத பையில் வரும் எதையும் தொடாதீர்கள். கிளினிக்கில் தரும் உறையில் நோயாளி பெயர், மருந்தின் பெயர், தேதி, சாப்பிடும் முறை இருக்க வேண்டும், கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். எரிமின் என்று தெருவில் கைமாறும் மாத்திரை, ஆன்லைனில் வரும் 'இயற்கை தூக்கப் பொடி' இரண்டும் வேண்டாம். பாரம்பரிய மருந்து என்று விற்றதில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதைப் பற்றி நம் சுகாதார அமைச்சு எத்தனை முறை எச்சரித்துவிட்டது, இன்னும் வாங்குகிறோம்.

சரி, என்னதான் செய்வது? மெதுவாகக் குறைப்பதுதான் வைத்தியம், வேறு ரகசியம் கிடையாது. பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்போது சாப்பிடும் அளவில் 5 முதல் 10 சதவிகிதம் குறைப்பார்கள். ஆறு வருடப் பழக்கம் விடுபட ஒரு வருடம் ஆகலாம், அதில் தப்பே இல்லை. ஒரு படியில் அம்மா தவித்தால் அங்கேயே நின்று நிதானித்துவிட்டு அடுத்த படி. அல்ப்ரஸோலாமைச் சமையலறைக் கத்தியால் நறுக்கினால் பாதி தூளாகிவிடும், கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள், ஆகவே ஃபார்மசியில் மாத்திரை வெட்டும் டப்பா வாங்குங்கள். சிலருக்கு உடம்பில் நாள்கணக்கில் தங்கும் டயஸிபாமுக்கு மாற்றி அதைக் குறைப்பதும் உண்டு. எது எதற்குச் சமம் என்ற கணக்கு டாக்டர் போடவேண்டியது, இணையத்தில் பார்த்து நீங்கள் போடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் இழுத்துச் சொல்கிறேன், இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதே மருந்துக் குடும்பத்தில் குளோனஸிபாம், குளோபஸாம் என்று உண்டு, அவற்றை வலிப்பு நோய்க்கே கொடுப்பார்கள். வீட்டில் வேறு யாராவது, அத்தையோ மாமாவோ, இதைச் சாப்பிட்டால் இந்தக் கட்டுரையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு மாத்திரைதான் வலிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. 'தூக்க மாத்திரைதானே, குறைத்துப் பார்ப்போம்' என்று அரை மாத்திரை குறைத்தாலும் விளைவு வேறு. உங்கள் அம்மாவுக்குச் சின்ன வயதில் எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், நீங்களாகச் சொல்லவேண்டும்.

ஏன் கேட்கமாட்டார்கள் என்றால் நேரமில்லை. 2 முதல் 4 வாரத்துக்கு எழுதவேண்டிய மருந்தை ஆறு வருடம் அட்டை அட்டையாக எடுத்துக்கொடுத்தார்களே, அந்த அழகில்தான் நம் கிளினிக்குகள் நடக்கின்றன. கவலைக்குப் பேச ஆள் கிடைக்காது, மாத்திரை மூன்று நிமிடத்தில் கிடைக்கும். ஒரு கிளினிக்கின் பதிவேட்டை அடுத்த கிளினிக் பார்க்கவும் முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் தேதி கொடுக்கிறார்கள், காத்திருக்கிற நேரத்தில்தான் அந்த 3,000 ரிங்கிட் ஆசாமி புகுந்துவிடுகிறான்.

ஆனாலும் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட், அதுதான் நம் வழி. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதாரக் கிளினிக்) பினாங்கு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அதுவரை இதே அளவைத் தொடர்ந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அம்மாவின் துக்கத்தையும் சொல்லிவிடுங்கள், மாத்திரைக்கு அடியில் அதுதான் கிடக்கிறது. மனசு ரொம்ப கனத்தால் 15555 என்ற எண்ணில் ஹீல் உதவித்தொடர்பு உண்டு. குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு என்று ஏதாவது வந்தால் யோசிக்காமல் 999.

ஒரு நாளைக்கு ஒன்றரை என்றால் உங்கள் 11 மாத்திரை ஏழு நாளுக்குத்தான் வரும். அண்ணன் கையில் சிக்காத இடத்தில் வையுங்கள், நாளைக் காலையிலேயே பழைய உறை, புது உறை இரண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு கிளம்புங்கள். சனி, ஞாயிறு பூட்டியிருப்பார்கள்.