மூன்று மாதமாக எழுதியும் மனசு ஆறவில்லையே, ஏன்?

கேள்வி: பிரிவுக்குப் பிறகு மனதில் இருப்பதை எல்லாம் எழுதினால் ஆறும் என்றார்கள். மூன்று மாதமாகத் தினமும் எழுதுகிறேன். ஆறவும் இல்லை, புதிதாக எதையும் ஆரம்பிக்கவும் முடியவில்லை. எங்கே தப்பு?

"மூன்று மாதம்", "தினமும்". தப்பு இந்த இரண்டு சொல்லிலேயே இருக்கிறது. தூக்கம் வராத ராத்திரியில், கையில் போனோடு, அதே நாளை அதே வரிசையில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதை முறையாக ஆராய ஆரம்பித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986இல் சாண்ட்ரா பீலோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், மொத்தம் நான்கே நாள். பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாள், 15இலிருந்து 20 நிமிடம் என்ற அளவைத் தாண்டவில்லை. நான்கு நாளில் முடிகிற வேலைக்கு "தினம் ஒரு பக்கம், ஒரே வருடத்தில் புது மனிதர்" என்று தடிமனான டைரியை விற்கிறவர்களை என்ன சொல்ல? நாலாம் நாள் மூடி வைத்துவிடுங்கள் என்று சொன்னால் அவர்கள் வியாபாரம் என்னாவது!

எழுதும் விதம் பொதுவாக இதுதான், உங்களுக்கென்று வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுங்கள். தட்டச்சு செய்தாலும் பலன் உண்டு. ஆனால் போனில் எழுதினால் அனுப்பும் பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பன்னிரண்டு மணிக்கு அதை அழுத்திவிட்டுக் காலையில் தலையில் கை வைப்பீர்கள். பேனா நிற்கக் கூடாது. ஒன்றும் வரவில்லையா, கடைசி வரியையே மறுபடி எழுதுங்கள். எழுத்துப்பிழையைப் பார்க்காதீர்கள், அழகாக எழுத முயலவே வேண்டாம். என்ன நடந்தது என்பதோடு அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதும் வர வேண்டும். ஏதாவது ஒன்றைத் தொட்டால் தாங்காது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள். முடித்ததும் ஒன்றிரண்டு மணி நேரம், சோகப் படம் பார்த்துவிட்டு வந்ததுபோல மனசு கனக்கும். அது சகஜம். மறுநாள் வரைக்கும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிரிந்த அதே வாரத்தில் ஆரம்பிப்பதும் தப்பு, புண் பச்சையாக இருக்கும்போது கிளறுகிற வேலை அது.

நாலு நாளில் என்ன மாற வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பலன் பெற்றவர்களின் எழுத்தை எண்ணிப் பார்த்தபோது, "ஏனென்றால்", "புரிந்தது" மாதிரியான சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் கூடியிருந்தன. முதல் நாள் "கதவைச் சாத்திவிட்டுப் போனான்" என்று எழுதியவர், நாலாம் நாள் "கதவைச் சாத்திவிட்டுப் போனபோது நான் கூப்பிடவில்லை, ஏனென்றால் போகட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது" என்று எழுதினால் கதை நகர்ந்திருக்கிறது. நாலாம் நாளும் கதவு மட்டுமே வந்தால் அது செக்குமாடு.

உங்களைப் போன்றவர்களைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. கணவனையோ மனைவியையோ புதிதாகப் பிரிந்தவர்களை வைத்து உளவியலாளர் டேவிட் ஸ்பாராவும் மற்றவர்களும் செய்த அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏற்கெனவே எதையும் திரும்பத் திரும்ப அசைபோடுகிறவர்கள், உணர்ச்சியைக் கொட்டி எழுதியபோது தேறுவது தாமதமானது. அவர்களிலேயே அன்றாட வேலைகளை உணர்ச்சியில்லாமல் எழுதியவர்கள்தான் மேலாகத் தேறினார்கள்.

இதெல்லாம் கட்டுக்கதை என்று வரப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1994இல் வெளியான ஆய்வில், வேலை பறிபோன 63 பேரில் அதைப் பற்றி ஐந்து நாள் மனம்விட்டு எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பித்ததாலும் அல்ல. 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் சிறியது என்றது. நானும் அதற்குமேல் சொல்லவில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் நோட்டை வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாரம் எதுவும் எழுதாதீர்கள். பிறகு மூன்று நாள், 20 நிமிடம், அன்றைக்குச் செய்ததை மட்டும் எழுதுங்கள். "6.40க்கு எழுந்தேன். துணியை ஊறவைத்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்." "சோகமாக எழுந்தேன்" என்று வந்தால் "சோகமாக" என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். முதல் நாள் ஐந்து வரியிலேயே தீர்ந்துபோகும், அப்போது பல் தேய்த்தது, பூட்டைத் திறந்தது என்று பொடிப்பொடியாக இறங்குங்கள். மூன்று மாத நோட்டைக் கிழிப்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். திறந்து படிப்பது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.