இயந்திரத்தின் பதவுரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக நிரலாளராக இருக்கிறேன். எங்கள் மென்பொருளுக்கு வயது ஒன்பது. நிரல் மூன்று லட்சம் வரிகளைத் தாண்டும். எழுதியவர்களில் பாதிப்பேர் இப்போது இங்கே இல்லை. ஆவணம் என்று சொல்ல ஒரு பழைய ரீட்மி (அறிமுகக் குறிப்பு) கோப்புதான் இருந்தது. சென்ற மாதம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மொத்த நிரலுக்கும் ஆவணம் தயாரிக்கச் சொன்னார் மேலாளர். நான்கே நாளில் 340 பக்கம் வந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எனக்குத்தான் ஒட்டவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரளமாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. மூன்றாம் பக்கத்திலேயே எங்கள் நிரலில் இல்லாத ஒரு கட்டளைக்கு விளக்கம் இருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று என் பெயரைப் போடச் சொல்கிறார்கள். புதியதைக் கண்டு மிரளும் ஆளாகிவிட்டேனா, அல்லது என் சந்தேகத்தில் பொருள் உண்டா? நீங்கள் இதே தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், அந்தப் பெயரைப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இயந்திரத்தைப் பழிக்க நான் வரவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு கோப்பைக் கொடுத்தால், எது எதை அழைக்கிறது, எந்தத் தரவு எங்கே போகிறது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. எனக்கு அரை நாள் பிடிக்கும். மனிதர்கள் எழுதிய ஆவணங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? நிரல் மூன்று முறை மாறிய பிறகும் முதல் நாள் எழுதிய குறிப்பு அப்படியே நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட குறிப்புகளை நானே எழுதியிருக்கிறேன்.

உங்கள் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆர்டர்களை வெளி நிறுவனம் ஒன்றின் சர்வருக்கு அனுப்பும் ஃபங்ஷன், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்துண்டு, அது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 47 விநாடி என்று இருந்தது. 45 இல்லை, 60 இல்லை, 47. இயந்திரம் எழுதிய விளக்கம் இது: ‘செயல்திறனும் நம்பகத்தன்மையும் சமநிலையில் இருக்கும்படி, காத்திருப்பு நேரம் 47 விநாடிகளாக அமைக்கப்பட்டுள்ளது.’ எவ்வளவு கண்ணியமான வாக்கியம்!

நடந்த கதை வேறு. எதிர்முனை சர்வர் 50 விநாடியில் இணைப்பை அறுத்துவிடும். ஆனால் உள்ளே வேலையைத் தொடர்ந்து முடித்துவிடும். இணைப்பு அறுந்தால் எங்கள் நிரல் அதை நெட்வொர்க் கோளாறாக எடுத்துக்கொண்டு ஆர்டரை மறுபடி அனுப்பும். நாங்களே முந்திக்கொண்டு 47இல் விலகினால், ‘முடிவு தெரியவில்லை’ என்று குறித்துவைத்துப் பிறகு விசாரிக்கும். அந்த மூன்று விநாடி இடைவெளி அதற்காகத்தான். இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர். நிரல் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் ‘டைம்அவுட் மாற்றம்’ என்று மட்டும் எழுதினார். அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஆவணத்தைப் படித்தான். சமநிலைதானே, சற்றுக் கூட்டினால் நம்பகத்தன்மை கூடுமே என்று 60 ஆக்கினான். மாலைக்குள் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகத் தொடங்கியது. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் ‘இதென்ன 47?’ என்று யாரையாவது கேட்டிருப்பான். கேட்க வேண்டிய கேள்வியை அந்த வாக்கியம் விழுங்கிவிட்டது.

நம் பழைய உரையாசிரியர்களிடம் எனக்குப் பிடித்த இரண்டு பழக்கங்கள் உண்டு. எளிய இடம் வந்தால் ‘பொருள் வெளிப்படை’ என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். இயந்திரத்துக்கு வெளிப்படை என்று ஒன்றே கிடையாது. பயனரின் பெயரை எடுத்துத் தரும் ஃபங்ஷனுக்கு, ‘இது பயனரின் பெயரை எடுத்துத் தருகிறது’ என்று எழுதி, கீழே அதையே இன்னும் நான்கு வரிக்கு நீட்டும். உங்கள் 340 பக்கத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே பந்தயம் கட்டுவேன்.

இரண்டாவது பழக்கம், ‘இவ்வாறு உரைப்பாரும் உளர்’ என்பது. தாம் ஏற்காத பொருளையும் எழுதிவைத்து, ஏன் ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். பரிமேலழகரைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான குரல். மென்பொருளில் இதற்குப் பக்கத்து உறவு, 2011இல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் முன்வைத்த கட்டமைப்பு முடிவுக் குறிப்பு: அன்றைய சூழல் என்ன, எடுத்த முடிவு என்ன, அதன் விளைவுகள் என்ன என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதிவைப்பது. கைவிட்ட வழிகளையும் அதில் சேர்த்து எழுதுவோர் உண்டு. கைவிட்ட வழி நிரலில் தடம் பதிப்பதில்லை. நிரலை மட்டும் படித்த இயந்திரம் அதை எங்கிருந்து எடுக்கும்?

இயந்திரம் பெயர்களையும் எளிதில் நம்பிவிடும். ‘சரிபார்’ என்று பெயரிட்ட ஃபங்ஷன் சரிபார்த்த கையோடு தரவுத்தளத்தில் எதையாவது எழுதியும் வைக்கும். நம் தொழிலில் இது சகஜம். அந்த எழுதும் வேலை இரண்டு கோப்பு தள்ளி ஒளிந்திருந்தால், ஆவணத்தில் ‘சரிபார்க்கிறது’ என்பது மட்டும் வந்து நிற்கும்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளியானது. அதன் நிரலில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்குக் கணினி மாறும் இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ‘இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை.’ ஆணவம் என்று பலர் நினைத்தார்கள். தேர்வில் இது வராது என்ற பொருளில்தான் எழுதியது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். உண்மையான சிக்கல், என்ன நடக்கிறது என்று எங்களுக்கே புரியவில்லை என்பதுதான் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரி என்னை எச்சரிக்கிறது, இங்கே பார்த்துக் கால் வை என்கிறது. உங்கள் ஆவணத்தில் அப்படி ஓர் இடமாவது தடுமாறுகிறதா? நாமாகக் கேட்டு வாங்கினால் ஒழிய, இயந்திரம் அத்தகைய பள்ளத்தை மெழுகி மூடிவிடும்.

அதனால் என் கட்சி இது. நிரலைப் பார்த்து இயந்திரம் எந்த நேரமும் எழுதித் தரக்கூடியதைச் சேமித்து வைக்கவே வேண்டாம். தேவைப்படும்போது கேட்டால் அன்றைய நிரலைப் பார்த்து அன்றைய பதிலைச் சொல்லும். சேமித்த பக்கம் அடுத்த வாரமே நிரலை விட்டு விலகத் தொடங்கும். விலக்கு ஒன்று உண்டு: உங்கள் ஏபிஐயை, அதாவது பிற மென்பொருள்கள் உங்களுடையதோடு பேசும் வழியை, பயன்படுத்தும் வெளியாட்கள் நிரலைப் பார்க்க முடியாது, அவர்களுக்கு எழுதியே ஆக வேண்டும். அங்கே இயந்திரம் எழுதட்டும், ஆனால் எடுத்துக்காட்டுகள் அத்தனையும் ஓடிக் காட்ட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் டாக்டெஸ்ட் என்ற வசதி, ஆவணத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகளை ஓட்டி, எழுதிய விடை வருகிறதா என்று பார்த்துவிடும். உங்கள் மூன்றாம் பக்கத்துக் கட்டளை அந்த வாசலிலேயே மாட்டியிருக்கும்.

இயந்திரத்தால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி, அதை எழுத விடாமல் கேட்க வைத்தபோது கிடைத்தது. ஒரு கோப்பைக் கொடுத்து, ‘இதில் காரணம் தெரியாத இடங்களை மட்டும் கேள்வியாகக் கேள், விடை ஊகிக்காதே’ என்றேன். இருபது கேள்வி வந்தது. ஏழு அசட்டுக் கேள்விகள். எட்டுக்கு என்னிடம் விடை இருந்தது, அதை என் சொற்களில் எழுதினேன். மிச்ச ஐந்தைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அந்தக் கோப்பை எழுதியவனே நான்தான்.

மேலாளரிடம் இந்த ஐந்தைப் போன்ற கேள்விகளோடு போங்கள். ஓட்டிப் பார்த்த பக்கங்களுக்கு மட்டும் பெயர் போடுகிறேன், மற்றவற்றில் ‘இயந்திரம் எழுதியது, யாரும் பார்க்கவில்லை’ என்று இருக்கட்டும் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

எங்கள் 47க்கு மேலே பிறகு நான்கு வரிக் குறிப்பு எழுதினோம். அதற்காக, வேலையை விட்டுப் போனவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். வைப்பதற்கு முன் கேட்டார்: “47 மட்டும்தான் பார்த்தீர்களா? அதே கோப்பில் 12 என்று ஒன்று இருக்குமே?”

அன்புடன்.