100 எம்பிபிஎஸ் இருந்தும் கிளவுட் கேமிங்கில் தாமதம்

கிளவுட் கேமிங்கில், அதாவது தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் ஆட்டத்தை இணையம் வழியே வீடியோவாகப் பெற்று ஆடும்போது, பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே பாத்திரம் குதிக்கிறது என்கிறீர்கள். இணைய வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கூட்டினாலும் இது தீராது, ஏனெனில் குறை வேகத்தில் இல்லை, தரவு போய்த் திரும்பும் நேரத்தில் இருக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான், உங்கள் அழுத்தம் சர்வரை அடைந்து, வீடியோவாகச் சுருக்கப்பட்டுத் திரையில் விரிய அதைப்போல் பல மடங்கு பிடிக்கிறது.

பெரும்பாலும் வைஃபைதான் காரணமாக இருக்கும். லேன் கேபிளை ரவுட்டரில் செருகி, டிவியில் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்கி, அதே இடத்தில் மீண்டும் குதித்துப் பாருங்கள்.

சர்வர் வெகுதொலைவில் இருந்தால் கேபிளாலும் பயனில்லை. சிறு தாமதம் பாதிக்காத புதிர், வியூக ஆட்டங்களுக்கு கிளவுட் கேமிங் சேவைகளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சண்டை ஆட்டங்களுக்கு மாட்டேன்.