திக்விஜயமும் ருகாலும்

கேள்வி: சண்டை கேம்களில் எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டுப் போனால், கடைசியில் வரும் பாஸ் மட்டும் அநியாயத்துக்கு அடிக்கிறான். ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95’-ல் ருகாலிடம் என் மூன்று ஆட்களும் வரிசையாக மண்ணைக் கவ்வுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கேமில் இது நியாயமா சார்?
– ‘கட்டைவிரல் காய்த்தவன்’, செல்லூர்

பதில்: காசு கொடுத்தேன் என்கிறீர்களே தம்பி, நீங்கள் கொடுத்தது ஒரு தடவை. ருகால் பிறந்தது தடவைக்குத் தடவை கொடுத்தவர்களுக்காக. 1995-ல் எஸ்.என்.கே. என்ற ஜப்பான் கம்பெனி அந்த கேமைச் செய்தது கடையில் காசு போட்டு ஆடுகிற மிஷினுக்கு. ஒருவன் ஒரே காசில் பொழுது முழுக்க ஆடினால், பின்னால் நிற்கிறவன் காசு அவன் சட்டைப் பையிலேயே கிடக்கும். அப்புறம் கடைக்காரர் அந்த கேம் அடங்கிய சர்க்யூட் போர்டை எதற்கு வாங்கப் போகிறார்? ஆகவே முதல் இரண்டு ஆளும் பூஞ்சை, நடுவில் வருபவன் கொஞ்சம் கெட்டி, கடைசியில் நிற்பவன் கல்லாப்பெட்டி. மீசையும் சிரிப்பும் அழகுக்கு வைத்தது.

அதிலும் கடைக்காரருக்குத் தனி அதிகாரம் உண்டு. 1991-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ போர்டில், நகத்தால் தள்ளுகிற அளவுக்குக் குட்டியாக டிப் சுவிட்ச் வரிசை இருக்கும். அதில் மூன்றை மேலும் கீழும் மாற்றினால் எட்டு வகைக் கடினம். சிம்மக்கல் கடையில் ராஜாவாக இருந்தவன் கோரிப்பாளையம் கடையில் ரெண்டாவது ஆளிடமே உதை வாங்கினால், பையன் மேல் தப்பில்லை. மிஷினின் பின்கதவைத் திறந்தவர் மேல்தான் தப்பு.

சரி, அநியாயத்துக்கு வருவோம். பாஸுக்கு உயிர் அதிகம், அடி பலம் என்றால் அது அநியாயமில்லை, அவன் பெரிய ஆள், அவ்வளவுதான். ‘டெக்கன் 3’-ன் ட்ரூ ஓகர் அப்படி. பார்க்க பயங்கரம், நெருப்பு வேறு கக்குவான், ஆனால் அந்த உடம்பே அவனுக்குப் பாரம். இரண்டாவது வகைதான் வயிற்றெரிச்சல்: உங்களுக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கைல் என்ற ஆளை எடுத்து ஆடினால், ஜாய்ஸ்டிக்கைக் கீழே பிடித்துக் காத்திருந்துதான் மேலே தள்ளி உதைக்க முடியும். கம்ப்யூட்டர் கைல் முன்னால் நடந்து வந்துகொண்டே அந்த உதையைப் போடுவான். அவன் கையில் ஜாய்ஸ்டிக்கே இல்லையே, எதைப் பிடித்துக் காத்திருப்பான்?

மூன்றாவது வகை, உங்கள் விரலைப் படிப்பது. திரையில் ஒரு வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனித்தனிப் படம் ஓடுகிறது. ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதனுக்குக் கால் வினாடி, அதாவது 15 ஃப்ரேம் போல ஆகும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நீங்கள் பட்டனை அமுக்கிய செய்தி, உங்கள் ஆள் கையைத் தூக்கும் முன்பே அவனுக்குப் போய்விடுகிறது. நீங்கள் குதிக்க நினைத்தால் அவன் கால் உதைக்கத் தயாராக நிற்கும்.

ஆனால் இந்த மூன்றாவது ஆள்தான் இருப்பதிலேயே லேசாக ஏமாறுகிறவன். நீங்கள் செய்வதற்கெல்லாம் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால், அவனை ஆட்டுவிப்பது நீங்கள்தானே? 1993-ன் ‘மார்ட்டல் காம்பாட் 2’-ல் நடந்து போய் அடிக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஆள் பிடித்துத் தூக்கி எறிவான். பின்பக்கம் குதித்துப் பாருங்கள், துரத்திக்கொண்டு தானும் குதிப்பான். காற்றிலேயே ஒரு உதை. திரும்பவும் பின்பக்கம் குதி, திரும்பவும் உதை. கடைசி ஆள் ஷாவ் கான் வேறு ரகம். நடுவில் நின்று நக்கலடித்துச் சிரிப்பான். சிரிக்கும்போது சாத்த வேண்டும்.

மன்னிக்கவே முடியாதவன் ஒருவன் உண்டு: ‘டெக்கன் 5’-ன் ஜின்பாச்சி. தூரத்தில் நின்றபடியே உங்களை விறைக்க வைத்துவிட்டு, பட்டன் எதுவும் வேலை செய்யாத அந்த நேரத்தில் நெருப்பை விடுவான். இதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஒட்டியே நின்று அடியுங்கள், மிச்சம் அதிர்ஷ்டம்.

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்களைவிட நம் ஊர்க்காரர்கள் கெட்டி. சித்திரைத் திருவிழாவில் ஒன்பதாம் நாள் மாசி வீதியில் என்ன நடக்கிறது? திக்விஜயம். எட்டுத் திக்குப் பாலகர்கள், எட்டு ஸ்டேஜ். இந்திரனில் ஆரம்பித்து ஒவ்வொருவராக அம்மன் ஜெயித்து, கயிலாயம் போய், பூதகணங்களையும் நந்தியையும் தாண்டினால் கடைசி பாஸ் சாட்சாத் சொக்கநாதர். அங்கே என்ன ஆகிறது? பார்த்த மாத்திரத்தில் வில் தாழ்கிறது, நாணம் வருகிறது, சண்டை கேன்சல், மறுநாள் காலையில் திருக்கல்யாணம். ‘கன்டினியூ?’ என்று ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணி மிரட்டுவதெல்லாம் இல்லை. காசு வசூல் அதற்கப்புறம்தான்; மொய் எழுதிவிட்டு, விருந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். எந்த கம்பெனியாவது இப்படி ஒரு முடிவு வைத்ததா?

உங்கள் ருகாலுக்கு வருவோம். முதலில் குதிப்பதை நிறுத்துங்கள். அவனுடைய ஜெனோசைட் கட்டர் உதை குதிக்கிறவனுக்காகவே வைத்தது, பாதி உயிர் போய்விடும். பக்கத்தில் நின்று தடுத்துக்கொள்ளுங்கள். உதைத்துவிட்டு அவன் காற்றிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும், கால் தரையில் படும்போது உங்களிடம் இருப்பதிலேயே கனமான அடியைப் போடுங்கள். தூரத்திலிருந்து பெரிய அலையாக கைசர் வேவ் விட்டால் ஏ, பி இரண்டையும் சேர்த்து அமுக்குங்கள், உங்கள் ஆள் விலகிக்கொள்வான். உயிர் குறைந்து உங்கள் உயிர்க்கோடு மின்ன ஆரம்பித்ததும் பதறாதீர்கள். பெரிய அடிக்கு இனி பவர் ஏற்ற வேண்டியதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் மூன்று பேர், அவன் ஒருத்தன். முதல் இரண்டு பேர் அவனைத் தேய்த்தால் போதும், நன்றாக ஆடத் தெரிந்த ஆளை மூன்றாவதாக வையுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘சேவ் ஸ்டேட்’ கோஷ்டி கிளம்பும், தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சேவ் போட்டு, அடி வாங்கினால் பின்னுக்குப் போய், அரை மணி நேரத்தில் ருகாலை முடித்துவிட்டு, ‘அவன் ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை ஆசிரியரே’ என்று கடிதம் போடுகிற அதே கோஷ்டி. இவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய பஞ்சாயத்து. அவர்கள் ருகாலோடு சண்டை போடவில்லை, அவனைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

செல்லூர்த் தம்பி, நீங்கள் அதைத் தொடாதீர்கள். செட்டிங்ஸில் டிஃபிகல்டி என்று ஒன்று இருக்கும். 8 வரை போகும், வழக்கமாக 4-ல் நிற்கும். கூசாமல் 1-க்கு இறக்குங்கள். கடைக்காரர் செய்தால் வியாபாரம், நீங்கள் செய்தால் மட்டும் கள்ளாட்டமா?